621 கோடிக்கு மேம்பாலம் வருது... தெரு முனைக்கு ஸ்பீடு பிரேக்கர் வரலையே, ஏன்? சென்னை ரோட்டுக்கு யார் முடிவெடுக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது?

ஸ்கூல் வாசலில் ஒரு ஜீப்ரா கோடு, தெரு முனையில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போக ஒரு நடைபாதை. சென்னையில் எந்த வார்டில் போய்க் கேட்டாலும் மக்கள் சொல்லும் லிஸ்ட் ஏறக்குறைய இதுதான். ரிப்பன் மாளிகையில் நடக்கும் மாமன்றக் கூட்டத்தில் 'நேரமில்லா நேரம்' வந்தால் கவுன்சிலர்கள் எழுந்து கேட்பதிலும் பாதி இதுதான். கட்சி வித்தியாசம் கிடையாது. ஆளுங்கட்சி கவுன்சிலரும் இதைத்தான் கேட்கிறார், எதிர்க்கட்சி கவுன்சிலரும் இதைத்தான் கேட்கிறார்.

ஆனால் இந்தச் சின்ன வேலைகள் இழுத்துக்கொண்டே இருக்க, பல நூறு கோடி மேம்பாலம் மட்டும் அறிவித்து, அடிக்கல் நாட்டி, தூணும் எழும்பிவிடுகிறது. இது எப்படி? அதிகாரிகளுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையான பதில் பணம் வரும் வழியில் இருக்கிறது. காசு எந்தப் பாக்கெட்டில் இருந்து வருகிறதோ, அந்தப் பாக்கெட்காரர்தான் எது முதல், எது அப்புறம் என்று முடிவு செய்கிறார். நடந்து போகிறவருக்கு என்று தனியாக ஒரு பாக்கெட் இல்லை. அதுதான் விஷயம். விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல இந்த ரோடு யாருடையது?

சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கி.மீ-ல் இருந்து 426 சதுர கி.மீ ஆக விரிந்தது. அப்போது 15 மண்டலங்கள், 200 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. மாநகராட்சி சாலைகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பஸ் ஓடும் 'பேருந்து தடச் சாலைகள்' ஒரு வகை, சுமார் 400 கி.மீ. மீதி 'உட்புறச் சாலைகள்', அதாவது நம்ம தெருக்கள். இவை எண்ணிக்கையில் 34,000-க்கும் மேல், நீளத்தில் 5,000 கி.மீ-க்கும் மேல். பஸ் ரோட்டுக்கு தலைமையகத்தில் தனித் துறை இருக்கிறது, தெருக்களை மண்டல அலுவலகம் பார்த்துக்கொள்கிறது.

நகரின் முக்கியமான பெரிய ரோடுகள் பல மாநகராட்சியுடையதே கிடையாது. அண்ணா சாலை, 100 அடி ரோடு போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஓ.எம்.ஆர் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் வருகிறது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் பகுதிகளில், வேலை முடியும் வரை தடுப்புக்குள் இருக்கும் ரோடு மெட்ரோ நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. சிக்னல் போக்குவரத்து போலீஸுடையது. பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. பஸ் நிற்கும் நிழற்குடை மட்டும் மாநகராட்சியுடையது!

நடைபாதை கதை இதைவிட விசேஷம். பெரும்பாலான இடங்களில் நாம் நடப்பது மழைநீர் வடிகாலின் மூடி மேல்தான். அந்த வடிகால் மாநகராட்சியின் ஒரு பிரிவுக்குச் சொந்தம், மேலே பதித்த கல் இன்னொரு பிரிவுக்கு. குறுக்கே நிற்கும் மின் பெட்டி மின் வாரியத்துடையது. பக்கத்தில் இருக்கும் மேன்ஹோல் குடிநீர் வாரியத்துடையது. மரம் பூங்கா துறை. கேபிள் தனியார். நிறுத்தி வைத்திருக்கும் பைக்கை எடுக்கணும்னா போலீஸ். தள்ளுவண்டிக்கு இடம் ஒதுக்கணும்னா நகர விற்பனைக் குழு. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தரப்படி நடக்கிற இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த 1.8 மீட்டரைக் காலியாக வைக்க எத்தனை ஆபீஸ் கையெழுத்து தேவை என்று எண்ணிப் பாருங்கள்.

மேம்பாலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. நிலம் எடுப்பதும் குழாய்களை மாற்றுவதும் அங்கேயும் உண்டு. ஆனால் ஒரு துறை, ஒரு டெண்டர், ஒரு ஒப்பந்ததாரர், ஒரு திறப்பு விழா. ஃபைல் நகர்வதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

கவுன்சிலர் கையில் எவ்வளவு இருக்கு?

ஒவ்வொரு கவுன்சிலருக்கும் 'வார்டு மேம்பாட்டு நிதி' என்று ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. 2025-26 மாநகராட்சி பட்ஜெட்டில் இது 50 லட்சத்தில் இருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கேட்கும்போது பெரிய தொகை மாதிரிதான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 34,000-க்கும் மேற்பட்ட தெருக்களை 200 வார்டுகளுக்குப் பிரித்தால், வார்டுக்குச் சராசரியாக 170 தெரு. 60 லட்சத்தை 170-ஆல் வகுத்தால் ஒரு தெருவுக்கு வருவது சுமார் 35,000 ரூபாய். வருஷத்துக்கு! அதிலும் ரோடு மட்டுமா? தெருவிளக்கு, பூங்கா, அங்கன்வாடி, கழிப்பறை, வடிகால் எல்லாமே இதில் கை வைக்கும்.

தெருவை முழுசாகப் பெயர்த்துப் போடும் வேலைக்கு வேறு திட்ட நிதி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாநகராட்சியின் மூலதன நிதி, மாநில அரசின் நகர்ப்புற சாலை திட்டங்கள், சிங்காரச் சென்னை 2.0 என்று பல தலைப்புகள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் எந்தத் தெரு வரும் என்பதை கவுன்சிலர் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அவர் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கச் சொல்லக்கூடியது அந்த 60 லட்சம் மட்டுமே.

இப்போது இன்னொரு பக்கம். தேனாம்பேட்டையில் இருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையில் 3.2 கி.மீ நீளத்துக்கு மேம்பாலம் கட்ட 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 621 கோடி ரூபாய். கீழே மெட்ரோ சுரங்கம் ஓடுவதால் எடை குறைந்த இரும்புக் கட்டமைப்பு, தனி வகை அடித்தளம் என்று செலவும் கூடுகிறது. கி.மீ-க்குச் சுமார் 194 கோடி. 200 கவுன்சிலர்களின் வார்டு நிதியையும் மொத்தமாகக் கூட்டினால் ஆண்டுக்கு 120 கோடிதான் வருகிறது. ஆக, இந்த ஒரு பாலத்தின் செலவு என்பது சென்னை முழுக்க எல்லா கவுன்சிலர்களின் ஐந்து வருஷ வார்டு நிதிக்கும் மேல்.

'அந்தக் காசை எடுத்து நடைபாதை போடலாமே' என்று உடனே தோன்றும். போட முடியாது. அது நெடுஞ்சாலைத் துறையின் காசு, நெடுஞ்சாலைத் துறையின் ரோட்டுக்கு. மாநகராட்சி கவுன்சிலருக்கு அதில் ஓட்டு கிடையாது. அந்தப் பாலம் தேவையா, வேண்டாமா என்று மாமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கும் வழியே இல்லை.

மாநகராட்சி தானே கட்டும் பாலங்களும் உண்டு. 1996-ல் மு.க.ஸ்டாலின் மேயரானபோது மாநகராட்சியே பல மேம்பாலங்களைக் கட்டியது. சமீபத்திய உதாரணம் தி.நகர். தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி நகரையும் இணைக்கும் 1.2 கி.மீ இரும்பு மேம்பாலம், சுமார் 165 கோடி செலவில் முடிந்து, 2025 செப்டம்பரில் ஜெ.அன்பழகன் பெயரில் திறக்கப்பட்டது. இதே தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டபோது ஆன செலவு சுமார் 40 கோடி, ஸ்மார்ட் சிட்டி நிதியில். கார் போகும் பாதையைக் குறைத்து, நடக்கும் இடத்தை அகலப்படுத்திய ரோடு அது. இன்று சென்னைக்கு வரும் சொந்தக்காரர்களை நாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது இதில் எது என்பது ஊருக்கே தெரியும்.

பாலம் வேண்டாம்னு சொல்றாங்களா?

இல்லை, இது அவ்வளவு சுலபமான சண்டை இல்லை. பொறியாளர்கள் தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அண்ணா சாலை மாதிரி ஒரு முதன்மைச் சாலையில் அடுத்தடுத்து சிக்னல்கள் வரும்போது, நேராகப் போகிற வண்டியும் திரும்புகிற வண்டியும் ஒரே இடத்தில் முட்டுகின்றன. நேராகப் போகிறவர்களை மேலே ஏற்றிவிட்டால் கீழே மூச்சு விட இடம் கிடைக்கும். ஆம்புலன்ஸுக்கும் வழி கிடைக்கும். 1973-ல் திறந்த ஜெமினி மேம்பாலம் இல்லாத அண்ணா சாலையை இப்போது யாரும் கற்பனைகூடப் பண்ண மாட்டார்கள்.

எதிர் வாதம் இது. பாலம் நெரிசலைக் கரைப்பதைவிட, இறங்குகிற இடத்துக்குத் தள்ளிவிடுவதுதான் அதிகம். ரோடு சுலபமானதும் கூடுதல் வண்டிகள் வந்து அதை நிரப்பும். சில வருஷத்தில் பாலத்து மேலேயே டிராஃபிக் நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. பஸ் ஸ்டாப் கீழே இருப்பதால் பல பஸ்கள் பாலத்துக்கு அடியில்தான் போயாக வேண்டும். 50 பேரைச் சுமக்கும் பஸ் கீழே தூணுக்கு நடுவே ஊர்ந்து போக, ஒருத்தர் ஓட்டும் கார் மேலே பறக்கும்.

பாலத்தை மொத்தமாக எதிர்ப்பவர்கள் குறைவு. 'முதலில் எது?' என்பதில்தான் சண்டை. அந்தக் கேள்விக்கு சென்னை மாநகராட்சி பத்து வருஷத்துக்கு முன்பே எழுத்தில் ஒரு பதில் கொடுத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

2014-ல் எழுதி வைத்த 60 சதவீதம்

2014-ல் சென்னை மாநகராட்சி 'இயந்திரமில்லா போக்குவரத்துக் கொள்கை'யை ஏற்றுக்கொண்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை. இந்தியாவிலேயே இப்படி ஒரு கொள்கையை ஏற்ற முதல் மாநகராட்சி சென்னைதான். அதில் இருந்த முக்கியமான வரி: மாநகராட்சியின் போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் போக வேண்டும்.

இலக்குகளும் பெருசு. 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் இரண்டு மீட்டர் அகல நடைபாதை. நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் சாவு பூஜ்யம். 2018 வந்து போய்விட்டது. 80 சதவீதத் தெருவில் நடைபாதை இருக்கிறதா என்பதை வீட்டு வாசலில் இறங்கி நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தக் கொள்கையை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் பட்ஜெட் புத்தகம் அந்த மாதிரி எழுதப்படுவதில்லை. அதில் 'நடப்பவருக்கு' என்று ஒரு தலைப்பு போட்டுக் கூட்டிக் காட்டினால்தானே 60 சதவீதமா, 6 சதவீதமா என்று கேட்க முடியும்? இருப்பது 'பாலங்கள்', 'பேருந்து தடச் சாலைகள்', 'மழைநீர் வடிகால்' என்று துறைவாரித் தலைப்புகள். வடிகால் கட்டி அதன்மேல் மூடி போட்டால் அது வடிகால் செலவா, நடைபாதைச் செலவா? 2021 வெள்ளத்துக்குப் பிறகு நகரம் முழுக்க வடிகால் வேலைக்குப் பணம் கொட்டப்பட்டது, அது தேவையும்கூட. ஆனால் பல தெருக்களில் வடிகால் மட்டம் உயர்ந்து, அதன் மேல் ஏறி நடக்க வயதானவர்களால் முடியாமல் போனது. வெள்ளத்துக்காக ஒதுக்கிய காசு அது, நடப்பதற்காக இல்லை.

இத்தனைக்கும் இந்த ஊரில் நடப்பவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. 2008 வாக்கில் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில், சென்னைப் பெருநகரில் நான்கில் ஒரு பயணத்துக்கும் மேல் கால்நடையாகவே நடந்தது தெரியவந்தது. பஸ்ஸும் ஏறக்குறைய அதே அளவு. பஸ்ஸுக்குப் போகிறவரும் முதலில் நடந்துதானே போகணும்!

பெட்ரோல் போடுறோம், ஃபைன் கட்டுறோம்... அந்தக் காசு?

பலர் நினைத்துக்கொண்டிருப்பது, வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரியில்தான் நம்ம தெரு போடப்படுகிறது என்று. கிடையாது. வண்டிக்குக் கட்டும் ஆயுள் வரி மாநில அரசுக்குப் போகிறது. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 5 முதல் 10 லட்சம் ரூபாய் காருக்கு 13 சதவீதம். 8 லட்சம் ரூபாய் கார் ஒன்றுக்கே ஒரு லட்சத்துக்கு மேல் வரி. மேலே பார்த்த கணக்குப்படி, மூன்று தெருக்களின் ஒரு வருஷ வார்டு நிதிக்கு இணை. அந்த கார் ஓடப்போவதும் நிற்கப்போவதும் மாநகராட்சித் தெருவில். வரி மட்டும் நேராக அங்கே வராது.

பெட்ரோல், டீசலில் மத்திய அரசுக்குக் கலால் வரி, மாநிலத்துக்கு மதிப்புக் கூட்டு வரி. ஹெல்மெட் போடாததற்கு 2022 அக்டோபரில் இருந்து 1,000 ரூபாய் அபராதம், அதுவும் அரசு கஜானாவுக்கு. மாநகராட்சிக்கு நேரடியாக வருவது பார்க்கிங் கட்டணம் மாதிரி சில்லறைதான். ஸ்மார்ட் பார்க்கிங் தொடங்கியபோது காருக்கு மணிக்கு 20 ரூபாய். பெரும்பாலான ரோடுகளில் அதுவும் இல்லை, ஓசியில் நிறுத்திவிட்டுப் போகலாம்.

அப்போது மாநகராட்சிக்கு வருமானம் எது? சொத்து வரி, தொழில் வரி, பத்திரப்பதிவில் வரும் பங்கு, மாநில நிதி ஆணையம் தரும் பங்கு, மத்திய நிதி ஆணைய மானியம். 2022-ல் சொத்து வரியைச் சீரமைத்தபோது 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கே நகரின் பழைய பகுதிகளில் 50 சதவீதம் ஏறியது, 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். அப்போது எழுந்த சத்தம் ஞாபகம் இருக்கலாம். அந்த வரியில் இருந்துதான் குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, பள்ளிக்கூடம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாமே.

2025-26 மாநகராட்சி பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 8,400 கோடி. அதில் சுமார் 5,200 கோடி அன்றாடச் செலவு. புதிதாக எதையாவது கட்ட மிஞ்சுவது 3,200 கோடிக்குள், அதிலும் கணிசமான பங்கு கடனும் திட்ட நிதியும். கடன் கொடுப்பவருக்கும் சொந்தமாக ஒரு பட்டியல் இருக்கும். 2021-ல் உலக வங்கி சென்னைக்காக 15 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அது குறிப்பிட்ட இலக்குகளை எட்டினால்தான் தவணை வரும் வகைக் கடன். சிக்னல்களை கம்ப்யூட்டர் மூலம் இயக்கும் திட்டம் ஜப்பானின் ஜைக்கா கடனில். வடிகால் வேறு ஒரு வங்கியில். ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை, தனிக் கணக்கு. ஒன்றில் மிஞ்சியதை எடுத்து இன்னொன்றில் போட வழியில்லை.

இதில் வேறு வழியில் போன ஊர்களும் உண்டு. லண்டனில் 2003 முதல் நகர மையத்துக்குள் கார் ஓட்டினால் நெரிசல் கட்டணம். அந்த வருமானத்தை நகரப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நியூயார்க் 2025 ஜனவரியில் 9 டாலர் கட்டணத்தோடு தொடங்கியது, அந்தப் பணம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும். சென்னைக்கு இது உடனே பொருந்துமா என்பது வேறு விஷயம். அந்த ஊர்களில் நெரிசலை உண்டாக்குகிறவர் கொடுக்கும் காசு, அதே ஊரின் போக்குவரத்துக்கே திரும்ப வருகிறது. இங்கே அந்தக் கண்ணி இல்லை.

எல்லாரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க முடியாதா?

அதற்காகத்தான் 2010-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக 'கும்டா'. பஸ், ரயில், மெட்ரோ, ரோடு, போலீஸ், மாநகராட்சி எல்லாரும் ஒரே குழுவில். 2019-ல்தான் அது அமைப்பாக உருவானது. அப்போதைய முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டம் போட்டதற்கும் முதல் கூட்டத்துக்கும் நடுவில் 12 வருஷம்!

கும்டா 2025 செப்டம்பரில் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலி, பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் என்பதைச் சாத்தியமாக்கியது, நல்ல விஷயம். 25 வருஷத்துக்கான போக்குவரத்துத் திட்டமும் அதன் வேலைதான். ஆனால் திட்டம் போடுவது கும்டா, செக்கில் கையெழுத்து போடுவது வேறு துறைகள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகாமல் பயணிகள் பட்ட பாடு, துறைகள் தனித்தனியாக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம்.

பட்டியலில் ஏற என்ன வேணும்?

இருக்கிற கொஞ்சப் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்ய அதிகாரிகள் பார்ப்பது விபத்துக் கணக்கை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி, நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் சாவு அல்லது படுகாயம் ஏற்படுத்திய ஐந்து விபத்துகள் நடந்திருந்தால், இல்லையென்றால் பத்துப் பேர் இறந்திருந்தால், அது 'கரும்புள்ளி'. பட்டியலில் ஏறிவிட்டால் அங்கே வேலைக்குப் பணம் கேட்பது சுலபம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, எங்கே அதிகம் சாகிறார்களோ அங்கே முதலில் சரிசெய்வது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒரு இடம் பட்டியலில் ஏறுவதற்கு முதலில் அங்கே உயிர் போக வேண்டும், இல்லையென்றால் கை கால் போக வேண்டும். பயந்துபோய் ரோட்டைக் கடக்காமலே வீட்டில் இருந்துவிட்ட பாட்டி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஸ்கூல் வாசலில் அம்மா கையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்த குழந்தையும் வராது. சென்னை நகரில் சமீப ஆண்டுகளில் சாலை விபத்தில் ஆண்டுக்கு 500 பேர் அளவில் இறக்கிறார்கள். கணக்கில் ஏறியது அது மட்டும்தான்.

போக்குவரத்து போலீஸுக்கு இன்னொரு கவலை, வண்டி நிற்காமல் ஓட வேண்டும். சில சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் போட்டது அதனால்தான். வண்டிக்கு நேரம் மிச்சம். ஆனால் சிவப்பு விளக்கே இல்லாத இடத்தில் நடந்து வருபவர் எப்போது கடப்பது? 2023 நவம்பரில் சென்னைக் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ வேக வரம்பு என்று அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்தைத் தெருவில் நடைமுறைப்படுத்த மேடு, குறுகலாக்கிய முனை எல்லாம் வேண்டும். உத்தரவு போலீஸுடையது, அந்தச் செலவோ மாநகராட்சியுடையது.

ஸ்பீடு பிரேக்கர் விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன விளக்கம். உயரம், அகலம், பெயின்ட், எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தரம் இருக்கிறது. தார் மிச்சமிருந்தால் குவித்துவிட்டுப் போகும் மேடு அந்தத் தரத்தில் வராது. பஸ் ரோட்டில் பொதுவாக போலீஸ் ஒப்புதல் இல்லாமல் போட மாட்டார்கள். உட்புறத் தெருவில் என்றால் மண்டலப் பொறியாளரிடமே கேட்கலாம்.

எப்போ கேட்டா நடக்கும்?

இதற்கு ஒரு காலண்டர் இருக்கிறது. மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாக மார்ச்சில். அதன் பிறகு உதவிப் பொறியாளர் மதிப்பீடு, மண்டலக் குழு, தேவைப்பட்டால் பணிகள் நிலைக்குழு, மாமன்றம், டெண்டர், பணி ஆணை. இதற்கே சில மாதம் ஓடிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் ரோடு தோண்டத் தடை வந்துவிடும், தார் வேலையும் நிற்கும். ஜனவரியில் மறுபடி தொடங்கி மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். நடுவில் தேர்தல் நடத்தை விதிமுறை வந்தால் புது வேலை எதுவும் கிடையாது. ஆகவே செப்டம்பரில் போய் மனு கொடுப்பவருக்கு அந்த வருஷம் வேலை நடப்பது கஷ்டம். பட்ஜெட்டுக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியில் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்தால் பட்டியலில் சேர வாய்ப்பு அதிகம்.

புகார் யாரிடம் என்பதும் முக்கியம். மாநகராட்சி ரோடு, தெருவிளக்கு, நடைபாதை என்றால் 1913. சிக்னல், நெரிசல் என்றால் போக்குவரத்து போலீஸின் 103. நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் பள்ளம் என்றால் 'நம்ம சாலை' செயலி. தப்பான இடத்தில் புகார் கொடுத்தால் 'எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல' என்று ஒரு வரி பதிலோடு மூடிவிடுவார்கள்.

அதையும் மீறி நடக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் நடைபாதை போடவில்லை?' என்று கேட்டால் சுற்றி வளைத்து ஏதாவது வரும், 'ஏன்' என்ற கேள்விக்கு விளக்கம் எழுத அந்தச் சட்டத்தில் கட்டாயமில்லை. ஆவணம் கேட்க வேண்டும். உங்கள் வார்டுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் வார்டு மேம்பாட்டு நிதியில் நடந்த வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஆன தொகை, அதில் நடைபாதைக்கும் சாலைப் பாதுகாப்புக்கும் போனது எவ்வளவு, 2014 கொள்கைப்படி ஒதுக்கிய சதவீதத்தைக் காட்டும் கோப்பு நகல். இந்த நான்கையும் கேட்டு மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாம்.